லட்டு குடுத்து உள்ள போனவ

போன ஞாயித்துக்கிழமை ஒருத்தருக்கு ஒரு லட்டு குடுத்தேன். அதிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல.

சிரிக்காதீங்க. மேட்டர் சீரியஸ்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கறவங்களுக்கு நம்ம கெத்து தெரியும். ஊர்ல எவன் எங்க சொதப்பினாலும் கழுவிக் கழுவி ஊத்துவேன். பஸ் சீட்டுக்கு ஜன்னல் வழியா துண்டு போடறவன், கல்யாணத்துல முதல் பந்திக்குப் பாயறவன்... ஒருத்தரையும் வுட்டதில்ல. இந்த வாரம் வேற யாரும் சிக்கல. நானே சிக்கிக்கினேன்.

நடந்தது இதான்.

என் ஃப்ரெண்டு பவானி ஸ்ரீ சிட்டியில ஒரு ஃபேக்டரியில வேலை செய்யறா. வாரம் முழுக்க ஷிஃப்டு. "எங்கயாவது கடல் பக்கம் போலாம்டி, மிஷின் சத்தம் காதுலயே கீது"ன்னா. அவ அண்ணன் டில்லி புதுசா ஒரு பழைய காரு வாங்கிக்கினு, அதை யாருக்குக் காட்டறதுன்னு தெரியாம சுத்திக்கினு இருந்தாரு. எனக்கு இந்தப் பக்கத்துக்கு எழுத மேட்டர் வேணும். மூணும் சேர்ந்துடுச்சு.

நெல்லூர் தாண்டி ஒரு கடலோர ஊரு. பேரு வாணாம் – அங்க ஏற்கெனவே நம்ம மேல கடுப்புல இருப்பாங்க. பீச்சை ஒட்டி ஒரு போர் நினைவுச் சின்னம் கட்டியிருக்காங்க. வாசல்ல ஒரு பழைய டாங்கி, ஒரு கொடிக்கம்பம், உள்ள வட்டமா ஒரு மண்டபம். சுத்துப்பட்டு ஊருங்கள்லேர்ந்து மிலிட்டரிக்குப் போயி திரும்பி வராதவங்க பேரெல்லாம் அங்க கருப்புக் கல்லுல செதுக்கி வெச்சிருக்காங்க. நான் ரீல்ஸ்லதான் முதல்ல பாத்தேன். லைட்டிங் செமையா இருந்துச்சு.

ஆமாங்க. நான் பாத்தது லைட்டிங்.

கெளம்பும்போது எங்கம்மா ஒரு டப்பா நீட்டினாங்க. மலை லட்டு, அதான் திருப்பதி பெருமாள் பிரசாதம். "வெளியூர் போறீங்க, கையில இருக்கட்டும்."

இதைப் புரிஞ்சுக்க நீங்க எங்க பக்கம் பொறந்திருக்கணும். நகரி, புத்தூர், திருப்பதி ஆளுங்களுக்கு மலை லட்டுன்றது துன்ற ஐட்டம் மட்டும் இல்ல. அது சாவி. ஏதோ ஆபீஸ்ல ஃபைல் நகரலியா? லட்டு. டோக்கன் சீக்கிரம் வேணுமா? லட்டு. வாங்கறவரு அதை லஞ்சம்னு சொல்லவே மாட்டாரு. கண்ணுல ஒத்திக்குவாரு. குடுக்கறவனுக்கும் கூசாது. புண்ணியம் பண்ண மாதிரி ஒரு ஃபீலிங் வேற வரும்!

அப்புறம் வரிசை. எங்க ஊர்ல வரிசைன்றது வெளியூருக்காரங்களுக்கு. நமக்குன்னு ஒரு சிபாரிசு லெட்டர், ஒரு தெரிஞ்ச ஆளு, ஒரு சைடு கேட்டு எப்பவும் இருக்கும். வரிசையில நிக்கறவங்களப் பாத்தா, 'பாவம், யாரையும் தெரியாது போல'ன்னு நெனைச்சுக்கினே வளர்ந்தவ நானு.

காளஹஸ்தி, நாயுடுபேட்டை எல்லாம் தாண்டி, வழியில பெசரட்டு தோசை துன்னுட்டு, டில்லி அண்ணன் அவரு காரை அவரே புகழ்ந்துக்கினு... போய்ச் சேர்றப்ப பன்னெண்டு தாண்டிடுச்சு. வெயிலு மண்டையைப் பொளக்குது. மண்டபத்துக்கு வெளிய நீட்டா ஒரு வரிசை. உள்ள சின்ன இடம்ன்றதால கொஞ்சம் கொஞ்சம் பேராத்தான் வுடறாங்க.

கேட்டுல ஒரு போர்டு தொங்குது. தெலுங்குல. இன்னிக்கு ஒரு மணி வரைக்கும்தான் அனுமதி. சாயங்காலம் ஏதோ விழாவாம், பெரிய ஆளுங்க வராங்களாம். பக்கத்துல பந்தல் போட்டுக்கினு இருந்தாங்க.

"முடிஞ்சுது. நம்ம வரைக்கும் வராது"ன்னாரு டில்லி அண்ணன். "வாங்க, மீன் வறுக்கற வாசனை வருது. அதையாவது பாத்துட்டுப் போலாம்."

"இவ்ளோ தூரம் வந்துட்டா? இருண்ணா, நான் பேசறேன்."

"இன்னாடி பேசுவே?" – பவானி.

"திருப்பதிக்காரி பேசற மாதிரி பேசுவேன்."

ஒண்ணு கவனிங்க. அந்த போர்டை நான் படிச்சேன். நான் படிச்சதே தெலுங்கு மீடியம்தான். நேரம் முடியப் போவுது, நாங்க உள்ள போனா வரிசையில கடைசியா நிக்கற யாரோ போக முடியாது – இந்தக் கணக்கு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா 'யாரோ'ன்னா யாரு? 'யாரோ'வுக்கு மூஞ்சி கெடையாதே. அதான் சவுகரியம்.

ஆளுங்க வெளிய வர்ற பக்கம் ஒரு சின்ன கேட்டு. அங்க ஒரு செக்யூரிட்டி வேர்த்து ஊத்திக்கினு நின்னாரு. நான் தெலுங்குல தேனை ஊத்தினேன். "அண்ணா, திருப்பதிலேர்ந்து வரோம். மலை பிரசாதம். உங்களுக்குக் குடுக்காம துன்ன மனசு வரல."

அந்த மனுஷன் செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு கையாலயும் வாங்கினாரு. கண்ணுல ஒத்திக்கினாரு. எங்களப் பாத்தாரு. வரிசையப் பாத்தாரு. அப்பால கேட்டை லேசாத் தொறந்தாரு.

நான் திரும்பி பவானியப் பாத்து புருவத்தைத் தூக்கினேன். 'எப்புடி?'

உள்ள ஜில்லுனு இருந்துச்சு. கடல் காத்து வட்டமா சுத்தி வருது. சுவரு முழுக்க பேருங்க. ஒருத்தரு எதையோ தடவிக்கினு நின்னாரு. ஒரு அம்மா வாய்க்குள்ளயே ஏதோ பேசிக்கினு இருந்தாங்க.

நாங்க இன்னா பண்ணோம்? டில்லி அண்ணன் சல்யூட் அடிச்சு ஒரு போட்டோ. அடிக்காம ஒரு போட்டோ. நான் சுவருல சாய்ஞ்சு ஒண்ணு.

"பல்லைக் காட்டாதடி. நினைவுச் சின்னம். சோகமா வெச்சுக்க மூஞ்சிய"ன்னா பவானி.

"இவ்ளோ சோகம் போதுமா?"

"கொறைச்சுக்க. பல்லு வலி மாதிரி கீது."

சிரிச்சோம். சத்தமாத்தான். பின்னாடி ஒருத்தரு கொஞ்சம் நகருங்கன்னு சொன்னாரு. "ஒரு நிமிஷம் பிரதர்"னேன். அந்த ஒரு நிமிஷத்துல அங்கயே நின்னு போஸ்ட்டும் போட்டுட்டேன். 'இவங்க தூங்காம இருந்ததாலதான் நாம தூங்கறோம்.' கொடி எமோஜி. கும்புடற கை எமோஜி.

விசில் ஊதினாங்க. வெளிய வந்தோம். எங்களுக்குப் பின்னாடியே கேட்டை இழுத்துப் பூட்டினாங்க.

எதிர்ல சவுக்கு மரத்து நெழல்ல ஒரு சோடா வண்டி. டில்லி அண்ணன் மூணு லெமன் சோடா சொன்னாரு. பக்கத்துல கட்டைச் சுவரு மேல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. எங்கம்மா வயசுதான் இருக்கும். பச்சைப் புடவை, மடியில ஒரு பிளாஸ்டிக் கவரு, கவருக்குள்ள சாமந்திப் பூ. பூவு வெயில்ல சுருண்டு போயிருந்துச்சு. என் வயசுப் பையன் ஒருத்தன் பூட்டின கேட்டாண்ட செக்யூரிட்டிகிட்ட கெஞ்சிட்டு, மூஞ்சி செவந்து திரும்பி வந்தான்.

"இன்னிக்கு இனிமே இல்லியாம்மா. இரு, பந்தல்ல பெரிய ஆபீசரு யாராவது இருந்தா கேட்டுப் பாக்கறேன்."

அந்த அம்மா கையை ஆட்டினாங்க. வுட்டுடுன்ற மாதிரி. எழுந்து புடவையைத் தட்டிக்கினே சொன்னாங்க: "வாடு பிலவலேது."

அவன் கூப்பிடல.

சோடா பாட்டிலைக் கீழ வெச்சுட்டேன்.

ஏன்னா அது எங்கம்மா சொல்ற வார்த்தை. மலைக்குப் போகணும்னு கெளம்புவோம், அந்த நேரம் பாத்து ஜுரம் வரும், பஸ்ஸு கெட்டுப் போவும். எங்கம்மா உடனே, "இந்த தபா அவரு கூப்பிடல"ன்னு சொல்லிட்டு பையைப் பிரிச்சுடுவாங்க. சாமி கூப்பிட்டாத்தான் போக முடியும். அப்படின்னா, வாசல் வரைக்கும் போயும் பாக்க முடியலன்னா? சாமிக்கு உன்னப் பாக்க இஷ்டமில்ல.

அந்த வார்த்தைய ஒரு அம்மா தன் புள்ளையப் பத்திச் சொல்லிட்டாங்க.

அவங்க மெதுவா ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் நடந்தாங்க. நான் அந்தப் பையன்கிட்ட போனேன். எதுக்குப் போனேன்? தெரியல. 'நாம இல்ல, வேற ஏதோ காரணம்'னு அவன் வாயால சொல்லிடுவான்னு ஒரு நப்பாசை.

"இன்னா ஆச்சுங்க?"

அவன் பேரு சீனு. பக்கத்து ஊருதான், இறால் பண்ணையில வேலை. அவன் அண்ணன் நாகராஜு பார்டர்ல போயிட்டாரு. பேரு இந்தச் சுவருல இருக்குது. கல்லு வெச்சதிலேர்ந்து அம்மாவைக் கூப்பிட்டுக்கினே இருக்கான். அவங்க வரல; அவங்க இல்லாம அவனும் உள்ள போகல. கல்லுல பேரைப் பாத்துட்டா அவ்ளோதானே, அப்பால அவன் லீவுல வருவான்னு பொய்க்குக்கூட நெனைக்க முடியாதேன்னு. இன்னிக்குக் காலைல அவங்களே எழுந்து, பூவு வாங்கிக்கினு, 'வா போலாம்'னாங்களாம்.

"எங்களுக்கு முன்னாடி ரெண்டே பேருதான். கதவு கிட்டக்க வந்துட்டோம்"னான். சொல்லிக்கினே இருந்தவன் நிறுத்திட்டு என் மூஞ்சிய உத்துப் பாத்தான். அப்பால பவானிய. அப்பால டில்லி அண்ணன் கையில இருந்த டப்பாவை.

"நீங்கதான சைடுல போனவங்க?"

டப்பாவுலேர்ந்து மலை லட்டு வாசனை அவன் வரைக்கும் போயிருக்கும்.

"திருப்பதியா?" சிரிச்சான். அந்தச் சிரிப்பை நான் எங்க போனாலும் மறக்க மாட்டேன். "உங்களுக்கெல்லாம் எல்லா ஊர்லயும் விஐபி தரிசனம்தானா மேடம்?"

இந்த இடத்துல ஒரு மனுஷி இன்னா பண்ணணும்? மன்னிப்பு கேக்கணும். நான் இன்னா பண்ணேன் தெரியுமா? டில்லி அண்ணன் கையிலேர்ந்து டப்பாவைப் புடுங்கினேன். "இருங்க, இன்னும் லட்டு கீது. அந்த செக்யூரிட்டி நல்லவருதான். நான் பேசறேன், உங்க ரெண்டு பேரையும் உள்ள..."

"எங்க அண்ணனப் பாக்க நான் லட்டு குடுக்கணுமா?"

கத்தல. மெதுவாத்தான் கேட்டான். பவானி என் கையைப் புடிச்சு டப்பாவை கீழ இறக்கினா. "வாய மூடுடி"ன்னா காதாண்ட. அவ என்ன அப்படிச் சொன்னதே இல்ல.

கேட்டைப் பாத்தேன். செக்யூரிட்டி உள்ள போயிட்டாரு. பந்தல்ல மைக்கு டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தாங்க. ஹலோ, ஹலோ.

ஆட்டோ ஸ்டாண்டுல அந்த அம்மா ஒரு ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டாங்க. சீனுவுக்காகக் காத்திருந்தாங்க.

அவங்க இன்னிக்குப் போயிட்டா திரும்ப வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. பண்ணையில லீவு, பஸ்ஸு, டைமிங்... அதெல்லாம் இல்ல. புள்ள கூப்பிடலன்னு நெனைச்சுக்கினு போறாங்களே, அதான். அது பொய்யி. அந்தப் பொய்ய அவங்க தலையில கட்டினது நானு.

ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், ஷால் ஒரு பக்கம்.

"அம்மா, போவாதீங்க... ஒரு நிமிஷம். உங்க புள்ள கூப்பிட்டாரும்மா. நாந்தான் குறுக்க வந்துட்டேன். வரிசையில நிக்காம லட்டு குடுத்து சைடுல உள்ள போயிட்டேன். அதான் உங்களுக்கு நேரம் பத்தல. அவரு கூப்பிடாம இல்லம்மா."

தெலுங்குல சொன்னேன். என் தெலுங்கு எப்பவும் தண்ணி மாதிரி ஓடும். அன்னிக்கு நாலு எடத்துல தடுக்கிச்சு.

அடிப்பாங்கன்னு நெனைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவங்க ஆட்டோவுலேர்ந்து கொஞ்சம் முன்னாடி குனிஞ்சாங்க. "அப்போ நீ உள்ள போனியா, தல்லி?"ன்னாங்க. தல்லின்னா தாயி. என்னப் போயி தாயின்னாங்க.

"போனேம்மா."

"எங்க பெரியவன் பேரு எங்க இருக்குது? மேலயா, கீழயா?" தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "எனக்குக் கை எட்டுமா?"

சொல்லுங்க. நான் இன்னா பதில் சொல்றது?

அந்தச் சுவரு முன்னாடி அவ்ளோ நேரம் நின்னேன். எழுத்து எல்லாம் நான் படிச்ச எழுத்து. ஒரு பேரு... ஒரே ஒரு பேரு நான் படிக்கல. என் போன்ல என் மூஞ்சி சரியா வுழுந்திருக்கான்னுதான் பாத்துக்கினு இருந்தேன்.

"போட்டோ கீதும்மா"ன்னு பவானி பின்னாடியே வந்து என் போனை வாங்கித் தொறந்தா. சீனுவும் வந்து நின்னான். ஒண்ணொண்ணா தள்ளினோம். டில்லி அண்ணன் சல்யூட்டு. நான் சோகமா. நான் கம்மி சோகமா. எல்லாத்துலயும் சுவரு ஓரமாத்தான் தெரியுது. நடுவுல நாங்க.

"நிறுத்து"ன்னான் சீனு.

நான் சுவருல சாய்ஞ்ச போட்டோ. என் தோளுக்குப் பக்கத்துல தெலுங்குல ரெண்டு எழுத்து. நா. க. மிச்ச எழுத்து எனக்குப் பின்னாடி. "அதுக்கு மேல இருக்கற பேரு எங்க பக்கத்து ஊரு ஆளு. லிஸ்ட்டுல அண்ணன் அதுக்கு அடுத்ததுதான்."

அடுத்த போட்டோவைத் தள்ளினா பவானி. அதுல நான் இல்ல. ஷால் கீழ வுழுந்து எடுக்கக் குனிஞ்சிருக்கேன், அவ தெரியாம அமுக்கிட்டா. கோணலா, கொஞ்சம் மங்கலா, சுவரு மட்டும். நடுவுல முழுசா – நாகராஜு.

நான் நகர்ந்தாத்தான் அவரு தெரியறாரு.

அந்த அம்மா போனை ரெண்டு கையாலயும் வாங்கினாங்க. செக்யூரிட்டி லட்டு வாங்கின மாதிரியே. ரெண்டு விரலால படத்தை விரிச்சாங்க. பேரு பெருசாச்சு. அதே நேரம் பாத்து மேலேர்ந்து ஒரு நோட்டிஃபிகேஷன் வந்து பேரை மறைச்சுது. என் போஸ்ட்டுக்கு யாரோ தீ எமோஜி போட்டிருக்காங்க. அவங்களுக்கு அது இன்னான்னு தெரியல. கண்ணாடியில ஒட்டின தூசியத் தட்டற மாதிரி விரலால மேல தள்ளி வுட்டாங்க.

"எவ்ளோ ஒசரத்துல இருக்குது?"ன்னாங்க மறுபடியும்.

இந்த தபா எனக்குத் தெரிஞ்சுது. "என் தோள் ஒசரம்தாம்மா."

ஆட்டோவை வுட்டு எறங்கினாங்க. என் எதிர்ல வந்து நேரா நின்னாங்க. கையைத் தூக்கி என் தோள் மேல வெச்சாங்க. அழுத்தல. சும்மா வெச்சாங்க. கொஞ்சம் எடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம் நகர்த்தினாங்க – கல்லுல எழுத்தைத் தடவற மாதிரி.

"எட்டும்டா"ன்னாங்க சீனுவப் பாத்து. "எனக்கு எட்டும்."

நான் நின்னுக்கினே இருந்தேன். வரிசையில நிக்கறதுன்னா இன்னான்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அவங்க கையை எடுக்கற வரைக்கும் அசையல.

அப்பால அந்தப் பூக்கவரை என் கையில குடுக்கல. அதையும் சொல்லிடறேன். சினிமாவா இருந்தா குடுத்திருப்பாங்க. இவங்க மடியிலயே வெச்சுக்கினாங்க. சீனுகிட்ட, "அடுத்த லீவு எப்போ?"ன்னு மட்டும் கேட்டாங்க. சீனு அந்தப் போட்டோவை அனுப்பச் சொல்லி நம்பரைக் குடுத்துட்டு ஏறினான். ஆட்டோ கெளம்பிடுச்சு. சீனு திரும்பிப் பாக்கல. பாக்கணும்னு நான் எதிர்பாக்கவும் கூடாது.

சில பேரு மெயில்ல எழுதுவீங்க... 'விடு ரம்யா, தெரியாமத்தான பண்ணே'ன்னு. அந்த வசதி எனக்கு வாணாம். தெரிஞ்சுதான் பண்ணேன். யாருன்னுதான் தெரியாது. குறுக்க போறவங்க எல்லாருக்கும் தெரியாதது இவ்ளோதான். நமக்குப் பின்னாடி நிக்கறவங்க எதுக்காக நிக்கறாங்கன்னு அவங்க நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. அதுக்காகத்தான் வரிசைன்னு ஒண்ணு கண்டுபுடிச்சாங்க போல. யாரு அழுகை பெருசுன்னு கேட்டு உள்ள வுட முடியாதே.

வர்ற வழி முழுக்க டில்லி அண்ணன் காரைப் புகழவே இல்ல. நான் அந்தக் கோணல் போட்டோவை சீனு நம்பருக்கு அனுப்பிட்டு, போஸ்ட்டை அழிச்சேன். மத்த போட்டோவையும் அழிச்சேன்.

நாயுடுபேட்டை தாண்டறப்ப டில்லி அண்ணன் மெதுவாக் கேட்டாரு: "எல்லாத்தையும் அழிச்சுட்டியே... நாம அங்க போனதுக்கு அடையாளம் ஒண்ணாவது வாணாமா?"

தோளைத் தொட்டுப் பாத்துக்கினேன். இருக்குதுண்ணா.